"மழைக்கும் சோளகத்துக்கும் ஒண்டும் ஆகாது" என்று விற்கிற ட்ரோன்

யாழ் நகரில் பாவித்த ட்ரோன் விற்கிற ஓரிடத்தில் அண்மையில் ஒரு டிஜேஐ மினி 2 கைமாறியது. வாங்கினவர் கலியாண வீட்டுப் படம் எடுக்கிற பொடியன். "உள்ளுக்க கோட்டிங் அடிச்சிருக்கு தம்பி, மழைக்கும் ஒண்டும் ஆகாது, சோளகக் காத்துக்கும் அசையாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் கல்லுண்டாய் வெளியில் ஒரு மோட்டர் நின்றுபோய், சுழன்று சுழன்று தரவையில் விழுந்தது. காசைத் திருப்பிக் கேட்கப் போனால், "காத்துக்க விட்டது உங்கட பிழை" என்று அனுப்பிவிட்டார்கள்.

திறந்து பார்த்தால் விஷயம் வேறு. பற்றரி செருகுகிற இடத்துத் தகடுகளில் பச்சைக் களிம்பு. நின்றுபோன மோட்டரின் செப்புச் சுருளைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. தரவையில் விழுந்து இப்படிப் பூக்காது. ஏற்கெனவே கடலில் விழுந்ததைக் காயவைத்துத் துடைத்து விற்றிருக்கிறார்கள்.

கோட்டிங், அதாவது தண்ணி புகாமல் அடிக்கிற பூச்சு, என்ற சொல்லை நம்ப வேண்டாம். சர்க்கியூட் பலகைக்கு மட்டும்தான் அதை அடிக்கலாம். மோட்டர் திறந்தே இருக்கிறது, பெயரிங்குக்கு எதையும் பூச முடியாது. உயரம் அளக்கிற பாரோமீற்றரின் சின்னத் துளையைக் கோட்டிங் அடைத்தால் ட்ரோன் தன் உயரத்தையே பிழையாகக் கணக்கிடும். மினி 2 தண்ணீருக்குத் தாங்கும் என்று தயாரித்த நிறுவனமே சொல்லவில்லை. மழையிலும் மூடுபனியிலும் பறக்கவிட வேண்டாம் என்றுதான் அவர்களின் கையேடு சொல்கிறது.

காற்றுக்கும் கணக்கு உண்டு. மினி 2 தாங்குவது செக்கனுக்கு 8.5 முதல் 10.5 மீற்றர், அதாவது கூடினால் மணிக்கு 38 கிலோமீற்றர். அதுவும் நல்ல மோட்டரும் நல்ல பற்றரியும் இருந்தால்தான். வானிலைச் செயலி காட்டுகிற வேகம் பொதுவாக நிலத்திலிருந்து 10 மீற்றர் உயரத்துக்கானது, மேலே போகப் போகக் காற்று கூடும். சாதாரண முறையில் மினி 2 செக்கனுக்கு 10 மீற்றர் ஓடும். 8 மீற்றர் சோளகத்தை எதிர்த்துத் திரும்பினால் மிஞ்சுவது 2 மீற்றர்தான். 600 மீற்றர் திரும்பி வர ஐந்து நிமிடம் வேண்டும். கனபேர் ட்ரோனைத் தொலைக்கிறது இந்த இடத்தில்தான். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கோ, வரும்போது காற்றோடு வாங்கோ. ஒரு சார்ஜில் 31 நிமிடம் பறக்கும் என்று நிறுவனம் சொல்வது காற்றில்லாத இடத்துக் கணக்கு. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசுகிற மாதங்களில் விடியப்புறம்தான் நல்ல நேரம்.

காசு கொடுக்க முன்னம் கடையிலேயே செய்ய வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. பற்றரியைக் கண்ணாடி மேசையில் வைத்து விரலால் அழுத்துங்கோ, ஆடினால் வீங்கியிருக்கிறது. நான்கு மோட்டரையும் கையால் மெதுவாகச் சுற்றுங்கோ. விரலுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி ஒன்று பட்டாலும் வேண்டாம். காதுக் குச்சியின் பஞ்சால் பற்றரித் தகடுகளைத் துடையுங்கோ, பஞ்சு பச்சையானால் தண்ணி போயிருக்கிறது. அடிப்பக்கத்து ஸ்குரூ தலைகள் கீறுபட்டிருந்தால் ஏன் கழற்றினார்கள் என்று கேளுங்கோ.

பிறகு இரண்டு மீற்றர் உயரத்தில் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்கவிடுங்கோ. ட்ரோனை ஓட்டுகிற டிஜேஐ ஃப்ளை செயலியில் பற்றரி விபரத்துக்குள் எத்தனை தரம் சார்ஜ் ஏற்றியது என்பதும், பற்றரிக்குள் இருக்கிற இரண்டு செல்லின் வோல்ற்றும் தெரியும். இரண்டுக்கும் 0.1 வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தப் பற்றரியை வாங்க வேண்டாம். இறக்கினதும் மோட்டர்களைத் தொட்டுப் பாருங்கோ. ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அடுத்ததாக நிற்கப்போவது அதுதான்.

பண்ணைப் பக்கம், காரைநகர்ப் பக்கம் ஓடிக் கடலில் விழுந்தால், எடுத்த உடனே பற்றரியைக் கழற்றுங்கோ, "வேலை செய்யுதோ" என்று ஓன் பண்ண வேண்டாம். உப்புத்தண்ணி குடித்த பற்றரி பிறகும் தீப்பிடிக்கலாம், அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் முற்றத்து மணலில் தனியே வையுங்கோ. ட்ரோனை நல்ல தண்ணியில் அலசுங்கோ. அரிசிக்குள் புதைத்தால் ஈரம் கொஞ்சம் போகலாம், உப்பு உள்ளேயே இருக்கும். அந்த உப்புத்தான் மாதங்கள் கழித்து மோட்டரை நிறுத்துகிறது.

வாங்குகிற பில்லில் "தண்ணீரில் விழாதது, திறந்து திருத்தாதது" என்று கடைக்காரரின் கையால் எழுதிக் கையொப்பம் கேளுங்கோ. எழுத மாட்டன் என்றால் ட்ரோனை மேசையில் வைத்துவிட்டு வெளியே வாங்கோ.