கறுப்புக் காருக்கு வாங்கிய டூயல் ஆக்‌ஷன் பஃபர்

அடுக்ககத்தில் தினமும் காலையில் தூசியோடு சேர்த்துத் துணியால் துடைத்ததில், 5 ஆண்டுகளில் எங்கள் கறுப்புக் காரின் பானெட் முழுவதும் வெயிலில் சிலந்தி வலைபோல் தெரியும் மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. அவற்றைப் போக்குவதற்காகச் சென்ற ஆண்டு மெத்தை போன்ற பேடைப் பொருத்தும் 5 அங்குலத் தட்டும் 15 மில்லிமீட்டர் வீச்சும் (பேட் அசையும் சிறு வட்டத்தின் விட்டம்) உள்ள மெருகேற்றும் இயந்திரமான டூயல் ஆக்‌ஷன் பஃபர் ஒன்றை வாங்கினேன்.

ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி பஃபர் பழகாத கையில் ஓரிடத்திலேயே சூட்டைக் குவித்து, நிறத்தின் மேல் பூசப்பட்ட, சில பத்து மைக்ரான் கனமே உள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சைத் தேய்த்துவிடக்கூடும். இந்த இயந்திரத்திலோ பேட் சுழன்றுகொண்டே சிறு வட்டத்தில் அசைவதாலும், மிகையாக அழுத்தினால் சுழற்சி நின்றுவிடுவதாலும் அந்த அபாயம் வெகுவாகக் குறைகிறது. வீட்டில் செய்பவர்களுக்கு இதையே நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் மெருகேற்றும் பசையான காம்பவுண்ட் தெறிப்பதைத் தடுப்பது நம் கையில்தான் இருக்கிறது. முதல் நாள் காம்பவுண்டைத் தாராளமாகப் பிழிந்து, பேட் காரைத் தொடுமுன்பே சுவிட்சைப் போட்டுவிட்டேன். கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் ரப்பர் பீடிங்கிலும் காய்ந்துபோன வெள்ளைப் புள்ளிகளை பிரஷ்ஷால் எடுக்க ஒரு மாலை முழுவதும் ஆயிற்று. இப்போது பிளாஸ்டிக், பீடிங், பானெட்டின் விளிம்புகள் அனைத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிய பிறகே தொடங்குகிறேன். பட்டாணி அளவில் நான்கு சொட்டுகளை பேடில் இட்டு, அணைத்த நிலையிலேயே இரண்டடிச் சதுரத்தில் ஒற்றிப் பரப்பி, மிகக் குறைந்த வேகத்தில் ஒரு சுற்று ஓட்டிய பின்னரே வேகத்தைக் கூட்டுகிறேன். முடிந்ததும், பேட் முற்றிலும் நின்ற பிறகுதான் இயந்திரத்தைத் தூக்குகிறேன். இந்த ஒழுங்கு வந்த பிறகு தரையில்கூட ஒரு சொட்டு விழவில்லை.

சுவிட்சை அழுத்தியதும் மெதுவாக வேகமெடுக்கும் வசதி இதற்குப் பெரிதும் துணைசெய்கிறது. வாங்குபவர்கள் விலையைவிட அதை முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷ்ஷால் தட்டிவிட்டால் காய்ந்த தூளும் பறக்காது. காரைக் கழுவி, பெயின்டில் ஒட்டிய அழுக்கை எடுப்பதற்கென்றே விற்கும் ‘கிளே பார்’ கட்டியால் அழுக்கெடுத்து, நிழலில் தகடு குளிர்ந்த பிறகே தொடங்குவது அவசியம். சூடான பானெட்டில் காம்பவுண்ட் உடனே காய்ந்து தூளாகிவிடும்.

குறைகளும் உண்டு. உடன் வந்த பேட் நான்காவது முறையிலேயே விளிம்பில் பிரிந்தது. மின்கம்பி நீளம் போதாததால், எக்ஸ்டென்ஷன் இணைப்பு பெயின்டில் உரசாதபடி அதைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கதவுக் கைப்பிடிக் குழிக்குள் 5 அங்குலத் தட்டு நுழையாது. அங்கு மட்டும் மைக்ரோஃபைபர் துணியால் கையாலேயே மெருகேற்றினேன்.