தோட்டத்து ஆள்: ஊகமா, விசாரிப்பா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்திலிருந்து வேலை கேட்டு வரும் பிள்ளையை "எந்தத் தோட்டம்?" என்று கேட்டதுமே சிலர் எடைபோட்டு விடுகிறார்கள். உட்கார வைத்து நாலு வார்த்தை விசாரிப்பது இன்னொரு வழி.

ஊகம் சீக்கிரம் முடியும். சில சமயம் உதவவும் செய்யும். ரப்பர் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். அதனால் மரம் வெட்டுபவர்களுக்கு, அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுப்பவர்களுக்கு, காலையில் கூட்டம் வைக்கக்கூடாது என்று ஊகிப்பது நியாயம்தான். அது தொழிலைப் பற்றியது.

குணத்தைப் பற்றி ஊகிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கவும் வாடகைக்கு வீடு விடவும் விசாரிப்பே சரி, நேரம் பிடித்தாலும். "தோட்டத்து ஆளுக்குச் சேமிக்கத் தெரியாது" என்ற பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். இதே ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டியவர்கள்தான் தவணை தவணையாகப் பங்குப்பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களையே வாங்கியது.