அடுக்குக் கேக் சாமான் ஒன்லைனில் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கோ: எனக்குப் போனது 18,500 ரூபா

18,500 ரூபா. முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "சின்னக் காசுதானே அக்கா, விடுங்கோ" என்று அந்தச் சாமானை விற்ற ஆட்களே எனக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். விசுவமடுவில் வீட்டில் இருந்து கேக் அடித்து விற்கிற ஒருத்திக்கு அது சின்னக் காசா? முட்டை என்ன விலை, பட்டர் என்ன விலை என்று தெரிந்த ஆட்கள் சொல்லுங்கோ.

முல்லைத்தீவில் ஒரு கலியாணவீட்டுக்கு மூன்று அடுக்குக் கேக் கேட்டிருந்தார்கள். இங்கே வழமையாக ஸ்ட்ரக்சர் என்றால் ரெஜிபோமுக்கு, அதுதான் அந்த வெள்ளைத் தெர்மகோல் கட்டிக்கு, ஐசிங் போட்டு மேடையில் வைப்போம், வெட்டுகிற இடம் மட்டும் நிசக் கேக், சனத்துக்குத் தனியாகப் பெட்டியில் துண்டு. இவர்களுக்கு அது வேண்டாம், மூன்றும் உண்மையான கேக்காக இருக்க வேண்டும், சுவிஸ் மாமா செலவு செய்கிறார். சரி என்றேன். அடியில் 12 அங்குலம், நடுவில் 9, மேலே 6. மேல் இரண்டும் சேர்ந்தால் ஐந்து கிலோவைத் தாண்டும்.

அந்தப் பாரம் கீழ்க் கேக்கில் இறங்கவே கூடாது. ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே ஒரு பலகை, அந்தப் பலகையைத் தாங்குவது கீழ்க் கேக்குக்குள் செருகிய குழாய்கள், குழாய்கள் எல்லாம் ஒரே உயரமாக அடிப்பலகையில் முட்டி நிற்க வேண்டும். ஒன்று இரண்டு மில்லிமீற்றர் குறைந்தாலே மேல் அடுக்கு அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். அடுக்குகள் பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க நடுவால் ஒரு கம்பு எல்லாப் பலகையையும் துளைத்துக்கொண்டு இறங்க வேண்டும். எங்கள் வெயிலில் பட்டர் கிரீம் இளகத் தொடங்கிவிட்டால் கேக்குக்கென்று தனிப் பலம் ஏதும் இல்லை, எல்லாம் அந்தக் குழாய்தான். இரண்டு அடுக்கு என்றால் மரக்குச்சியே எனக்குப் போதும். இது மூன்று அடுக்கு, அதுவும் வட்டுவாகல் பாலத்தால் போக வேண்டிய கேக், அடுக்கியபடி கொண்டுபோக மனம் வரவில்லை. அதனால்தான் தட்டும் குழாயும் சேர்ந்து பூட்டுகிற செற் தேடினேன், தனித்தனியாகக் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்துப் பூட்டலாம் என்று.

முகநூலில் கேக் சாமான் மட்டும் விற்கிற ஒரு பக்கம். பெயர் போடவில்லை, போட்டும் பிரயோசனம் இல்லை, இப்போது வேறு பெயரில் நிற்கிறது. இரவு பத்தரைக்குக் கேட்டேன், உடனே பதில். நான் நம்பினது எந்த இடத்தில் தெரியுமா? விலையைச் சொல்ல முதல், எத்தனை அங்குலம், பட்டர் கேக்கா ரிச் கேக்கா, எவ்வளவு தூரம் கொண்டு போறீங்கள் என்று அந்தப் பெடியன் கேட்டான். "12க்கு ஆறு குழாய் போடுங்கோ அக்கா, 9க்கு நாலு காணும், மேல் கேக்கின்ர வட்டத்துக்குள்ள வரவேணும்." சரியான கதை! தொழில் தெரிந்தவன் பேசுகிற பேச்சு. அப்புறம் ஒரு வீடியோ, அந்தத் தட்டின் மேல் தண்ணீர் நிரப்பிய வாளி அசையாமல் நிற்கிறது. "நாங்களும் கிளிநொச்சிப் பக்கம்தான், எங்கட சனத்துக்குப் பிழையான சாமான் குடுப்பமே?" பார்சல் வந்த பிறகு காசு தரலாமா என்று கேட்டதற்கு, உடைகிற சாமானுக்கு அப்படி இல்லையாம். செற், தடித்த பலகைகள், நடுக்கம்பு எல்லாம் சேர்த்து 18,500 ரூபாவை வங்கியில் போட்டுச் சிட்டையையும் படம் எடுத்து அனுப்பினேன். இதயம் போட்டான்.

வந்த பார்சலைத் திறந்தால் குழாயா அது! இரண்டு விரலால் அமத்த நசிகிறது. 12 மில்லிமீற்றர் பலகை என்றது அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டினது, விளிம்பில் ஈரம் பட்டதும் ஊதிவிட்டது. நடுக்கம்பு இரண்டு துண்டு, மரை பிடிக்கவே இல்லை. கேக்கை வைக்க முதல் நாலு குழாயை நிறுத்தி, அவர்களின் தட்டைப் பூட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையை மெதுவாக வைத்துப் பார்த்தேன். தட்டின் முளையில் குழாய் இறுகாமல் ஒன்று கழன்றது, மற்றது மூன்றும் மடிந்தன, குசினி முழுக்க அரிசி.

பிறகு தொடங்கியது நாடகம். முதலில் "கூரியர்காரர் நசிச்சிருப்பினம்." கூரியர் அலுவலகத்தில் பெட்டியில் ஒரு கீறலும் இல்லை என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு "பெட்டி திறக்கேக்க வீடியோ எடுத்தனீங்களோ?" பிறகு "முதலாளி கொழும்பில, வந்தோடனே எடுப்பார்." முதலாளி வரவே இல்லை. குரல் பதிவு அனுப்பினால் நீலக் கோடு விழும், பதில் விழாது. கடைசியாகத்தான் அந்தச் "சின்னக் காசு" வசனம், அதோடு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். வாளி வீடியோ இருக்கிறதே, அதே வீடியோவை வேறொரு வெளிநாட்டுக் கணக்கில் சத்தத்தோடு பார்த்தேன், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பேசுகிறாள். இவர்கள் அவளின் சத்தத்தை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

கலியாணக் கேக்? தச்சுவேலை செய்கிற சித்தப்பா வர்ணம் பூசாத மரக்குச்சி சீவித் தந்தார், நடு அடுக்கை ரெஜிபோமாக மாற்றினேன், அதற்குரிய காசைக் கழித்துக் கொடுத்தேன். பொம்பிளையின் தாய் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அந்த நட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை, நான் சொல்வது கையால் கட்டின 18,500 ரூபாவை மட்டும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். என்னிடம் இருப்பது ஒரு தனி ஆளின் பெயருக்குப் போட்ட வங்கிச் சிட்டை, பற்றுச்சீட்டும் இல்லை, கடை முகவரியும் இல்லை. ஆகவே இந்த இரண்டும் தராத இடத்துக்கு ஒரு சதமும் அனுப்பாதேங்கோ. பார்சலைத் திறக்கும்போது வீடியோ எடுங்கோ. குழாயைக் கையால் அமத்திப் பார்க்காமல் வாங்க வேண்டாம், அரிசிப் பை வைத்துப் பார்க்காமல் கேக்கை வைக்க வேண்டாம். சாதாரண ஸ்ட்ரோ போடுங்கோ என்று யாரும் சொன்னால் கேட்காதேங்கோ. பபிள் ரீ ஸ்ட்ரோ, அந்தத் தடித்தது, சின்ன மேல் அடுக்கைத் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம்.

குழாயை அளந்து வெட்டுவது எப்படி என்று படத்தோடு போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இன்றைக்கு ஏலாது, கை நடுங்குகிறது. அந்தப் பெடியன் இதை வாசித்தால் 18,500 ரூபாவை அதே வங்கியால் திருப்பிப் போடட்டும், சிட்டை என்னிடம் இருக்கிறது.