பழைய பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் மின்ட்: நீண்டநாள் அனுபவம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த செயலியைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. எங்கள் ஆய்வகத்தில் இருப்பவை மூன்றாம், நான்காம் தலைமுறைக் கணினிகள். இந்தத் தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் குறுக்குவழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பிள்ளைகள் உட்காரும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று, கெடு வருவதற்கு வெகு முன்பே இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்புக்கு மாறினோம். முதலில் 21, பிறகு 22. இந்த 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு.

மாறியதில் கிடைத்த வேகத்துக்கான பாராட்டில் பெரும்பங்கு, கூடவே நாங்கள் போட்ட, சுழலும் பாகமில்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கே போக வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு சிறு கோப்பையும் தேடி எடுக்க ஏறக்குறைய பத்து மில்லி விநாடி ஆகிறது. பூட் ஆகும்போது இப்படி ஆயிரக்கணக்கான கோப்புகள். ஹார்ட் டிஸ்க்கை மாற்றாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றிப் பார்த்த கணினியில் ஓரளவு முன்னேற்றமே தெரிந்தது. எஸ்எஸ்டி போட்டதும் அதே கணினியில், வருகைப்பதிவு முடிவதற்குள் வகுப்பு தயாராகிவிடுகிறது. பணம் குறைவாக இருந்தால் முதலில் எஸ்எஸ்டி, அடுத்து ரேம். 4 ஜிபி ரேமில் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபீஸும், பிள்ளைகள் நிரலாக்கம் பழகும் ஸ்கிராட்ச்சும் நன்றாக ஓடுகின்றன. பிரவுசரில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தால்தான் திணறல். 8 ஜிபி இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

பெட்டியைத் திறக்கும்போதே மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். நாணயம் அளவுள்ள இதை யாரும் நினைப்பதில்லை. அது தீர்ந்துபோனால் பயாஸ் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகள் அழிந்து, ஒவ்வொரு காலையும் எஃப் 1 விசையை அழுத்தச் சொல்லித் திரை நிற்கும். கடிகாரம் பல ஆண்டு பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் தேதியோடு பொருந்தாததால், நேரம் சரியாகும் வரை பிரவுசர் எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று மறுக்கும். இணையம் போய்விட்டது என்று மாணவர்கள் கேபிளைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருப்பார்கள்.

நிறுவுவது எளிது. ஒரு கணினியை முழுமையாகத் தயார் செய்து, வட்டைப் படியெடுக்கும் மென்பொருளான குளோன்சில்லாவால் அதைப் படியெடுத்து மற்றவற்றில் இறக்கினோம். மதர்போர்டு வேறாக இருந்தவற்றிலும் அதே படி ஓடியது. வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் பெரும்பாலும் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருப்பதுதான் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது விருந்தினர் அமர்வு. உள்நுழைவுத் திரை அமைப்பில் அதை இயக்கிவிட்டால், மாணவர் வெளியேறியதும் அவர் செய்த மாற்றங்கள் அனைத்தும் அழிந்து, அடுத்தவருக்குப் புதிய திரை கிடைக்கிறது. முன்பு பென்டிரைவ் வழியாக வந்த ஷார்ட்கட் வைரஸ், கோப்புகளை மறைத்துவிட்டு ஆய்வகம் முழுவதும் பரவும்; பருவத்தேர்வு நேரத்தில் அதனால் பட்ட பாடு கொஞ்சமன்று. இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சேமித்த கோப்பும் அமர்வோடு அழிந்துவிடும் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். வேலை அனைத்தையும் வலையமைப்பில் உள்ள பொதுக் கோப்புறையில் சேமிக்க வைக்கிறோம்.

ஆசிரியர்கள் பக்கம்தான் உண்மையான வேலை இருந்தது. பழைய வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. புதிய கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தன. எழுத்துருக் கோப்பை நகலெடுத்துப் போட்டதும் தமிழாகிவிட்டன. புதியவை மட்டும் எல்லாக் கணினிகளிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் என்று முடிவெடுத்தோம். தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக நன்றாக வேலை செய்கிறது. தட்டச்சு பழகிய ஆசிரியர் ஒருவர் கைபழகச் சில வாரங்கள் ஆயின. வேர்டில் உருவாக்கிய அட்டவணைகள் லிப்ரே ஆபீஸில் இடம் நகர்வதும் உண்டு. மதிப்பெண் பட்டியலின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போய் நின்றால் ஆசிரியருக்கு எரிச்சல் வருவது நியாயமே. அச்சுக்குப் போவதை பிடிஎஃப் ஆக்கிவிடுவது ஒன்றே இதற்கு நம்பகமான வழி. மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) வைத்த எக்ஸெல் கோப்புகளுக்காகவும், லினக்ஸ் டிரைவர் இல்லாத ஒரு பழைய பிரின்டருக்காகவும் அலுவலகக் கணினி ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி விண்டோஸ் 11-இல் வைத்திருக்கிறோம். இந்தச் சமரசத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே தளத்துக்கு இழுத்தால் அலுவலகம் முழுவதும் மாற்றத்துக்கு எதிராகத் திரும்பிவிடும்.

32-பிட் என்ற மிகப் பழைய வகைச் செயலிக் கணினிகளுக்கு மின்ட் கிடையாது. 2020-இல் வந்த 20-ஆம் பதிப்போடு அந்த வாசல் மூடிவிட்டது. மற்றொரு லினக்ஸ் வகையான டெபியனின் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பையும் அவற்றில் நேரடியாக நிறுவ முடியாது. அப்படிப்பட்டவற்றில் டெபியன் 12 போட்டு, இணையத்தோடு இணைக்காமல், கல்வி விளையாட்டுத் தொகுப்பான ஜிகாம்பிரிஸும் ஓவிய மென்பொருளான டக்ஸ் பெயின்ட்டும் ஏற்றித் தொடக்க வகுப்புகளுக்குக் கொடுத்திருக்கிறோம். மௌஸ் பிடிக்கப் பழகும் பிள்ளைகளுக்கு இப்போதைக்கு அவை போதும். அவற்றில் அடுத்துப் பழுதாவதைச் செலவு செய்து சரிபார்க்கப் போவதில்லை. கழற்றி, உயர் வகுப்பினருக்கு வன்பொருள் பாடம் நடத்தத் தருவதாக முடிவு செய்திருக்கிறோம்.