ஜிம்மியின் இடுப்பு வலியும் நான் வாங்கிய தைலங்களும்

எங்கள் ஜிம்மி லாப்ரடார். இந்த ஆடியோடு 12 வயது முடிகிறது. இரண்டரை வருஷத்துக்கு முன் ஒரு நாள் காலையில், படுத்திருந்தவள் எழுந்திருக்கப் பார்த்தாள். பின்னங்கால் இரண்டும் டைல்ஸில் வழுக்கி ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்ததில் இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார்கள். மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கொடுத்து, எடையைக் குறைக்கச் சொன்னார்கள். தொடைத் தசை கல் மாதிரி இறுகிக் கிடந்ததால், மேலுக்குத் தடவ ஏதாவது கிடைக்குமா என்று நானாகத் தேட ஆரம்பித்தேன்.

முதல் தைலம் நான் வாங்கியதில்லை, அப்பாவுடையது. "ஏம்மா, அவளும் என்னை மாதிரி கிழவிதானே" என்று தன் மூட்டுவலித் தைலத்தை ஜிம்மியின் இடுப்பில் பாசமாகத் தேய்த்துவிட்டார். அரை மணி நேரத்தில் அவள் கழுத்தை வளைத்து மொத்தத்தையும் நக்கித் தீர்த்துவிட்டாள். வாயிலிருந்து எச்சில் நூலாக வடிகிறது, இரண்டு முறை வாந்தி. டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "டியூப்ல என்ன எழுதியிருக்கு, படிங்கம்மா."

படித்தேன். மெத்தில் சாலிசிலேட், மெந்தால், கற்பூரம். பாத்திரம் துலக்கும் லிக்விடைக் கொஞ்சம் விட்டுத் தேய்த்து உடனே கழுவச் சொன்னார். அன்றைக்கு மெலாக்சிகாம் வேண்டாம், மலம் கறுப்பாகப் போனால் போன்கூடப் பண்ணாமல் நேரே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றார். நல்லவேளை, அந்த அளவுக்குப் போகவில்லை.

மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்குப் பங்காளி. நாயின் வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் உண்டாக்கக்கூடியது. மெலாக்சிகாமும் வயிற்றைப் பதம் பார்க்கிற மருந்துதான். இரண்டும் சேர்ந்தால் ஒரே இடத்தில் இரட்டை அடி. கற்பூரம் அதிகமாக உள்ளே போனால் வலிப்பே வரலாம். மனிதனுக்குத் தடவினால் தோலோடு நிற்பது, நாய்க்குத் தடவினால் வாய்க்குப் போய்விடுகிறது. அன்றிலிருந்து எந்தப் பாட்டிலை எடுத்தாலும் ஒரே கேள்விதான்: இதை ஒரு ஸ்பூன் அவளுக்கு ஊட்டுவேனா?

அப்பாவின் கதை அதோடு முடியவில்லை. முழங்காலுக்கு அவர் டைக்ளோஃபெனாக் ஜெல்லும் போடுவார். ஜிம்மி படுப்பதோ அவர் காலடியில். வேட்டி விலகினால் போதும், நக்க ஆரம்பித்துவிடுவாள். நாய்க்கு டைக்ளோஃபெனாக் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். (அந்த மருந்து ஏறிய மாடுகளின் பிணத்தைத் தின்றுதான் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன, 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள்.) ஃப்ளர்பிப்ரோஃபென் கலந்த வலி மருந்தை வீட்டுக்காரர்கள் தங்கள் உடம்பில் தடவிக்கொண்டிருந்ததால் அவர்கள் வளர்த்த பூனைகள் செத்துப்போனதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2015-இல் எச்சரித்திருக்கிறது. பூனைக்கு யாரும் தடவவில்லை, கவனியுங்கள். இப்போது அப்பா ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு ஜெல் போட்டு, கை கழுவி, பைஜாமா மாட்டிக்கொண்ட பிறகுதான் ஜிம்மிக்கு உள்ளே அனுமதி.

இரண்டாவது, ஆன்லைனில் நான் வாங்கிய ஸ்பிரே. நாய்களுக்கென்றே செய்தது, நூறு சதம் மூலிகை, பாட்டிலில் ஒரு நாய் பல் தெரியச் சிரிக்கிறது. வந்த பிறகுதான் லேபிளைத் திருப்பினேன்: கந்தபுரா தைலம், நீலகிரித் தைலம், கற்பூரம். கந்தபுரா தைலம் என்பது விண்டர்கிரீன் எண்ணெய். அதில் ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட்தான். அப்பாவின் டியூப்பில் இருந்த அதே ஆசாமி, வேட்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! நீலகிரித் தைலமும் நாய் வயிற்றுக்கு ஆகாது. கம்பெனிக்குப் போன் போட்டால், "மூலிகைதானே மேடம், நக்கினா ஒண்ணும் ஆகாது" என்றார்கள். குப்பையில் போட்டேன்.

மூன்றாவது ஒரு ரோல்-ஆன். இந்த முறை வாங்கும் முன்பே லேபிளைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். சாலிசிலேட் இல்லை, கற்பூரம் இல்லை, வலி மருந்து எதுவும் இல்லை. "சரி, போட்டுப் பாருங்க" என்றார். முதல் நாள் ஒரு ரூபாய் அகலத்துக்கு மட்டும் தடவி, மறுநாள் தோல் சிவக்கிறதா என்று பார்த்தேன். தடவியதும் 20 நிமிஷம் தெருவில் நடை, வந்ததும் சாப்பாடு. அதற்குள் காய்ந்துவிடும், அவளுக்கும் நக்கும் ஞாபகம் போய்விடும். நாலு மாசம் இப்படி ஓடியது. நல்ல பலன் என்றே நினைத்தேன். பிறகு ஒரு சந்தேகம் வந்து, இரண்டு வாரம் ரோல்-ஆன் இல்லாமல் வெறும் கையால் அதே பத்து நிமிஷம் பிடித்துவிட்டேன். காலையில் எழுந்து வாசற்படிக்கு வர அவளுக்கு ஆகும் நேரத்தைக் காலண்டரில் குறித்துவந்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. 600 ரூபாய் பாட்டில் செய்ததாக நினைத்ததை என் கட்டைவிரல்தான் செய்திருக்கிறது.

இப்போது நடப்பது இவ்வளவுதான். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டால் பத்து நிமிஷம் ஒத்தடம், பிறகு தொடையை மேலிருந்து கீழாக மெதுவாகப் பிடித்துவிடுவது. அம்மா கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தாள், நான் வைக்கவில்லை. முடிக்கு அடியில் தோல் பொத்துப்போனால் நம் கண்ணுக்குத் தெரியாது. துண்டைக்கூட என் முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வைக்கிறேன். புதிதாக அடிபட்டு வீங்கியிருந்தால் சூடே கூடாது.

எடை 37 கிலோவிலிருந்து 32-க்கு வந்தது, ஹாலில் ரப்பர் பாய் விரித்தது, இந்த இரண்டும் எந்தத் தைலத்தையும் விட அதிகம் உதவின. மருந்து இன்னும் உண்டு, ஆனால் டாக்டர் அளவைக் குறைத்திருக்கிறார்.

ரோல்-ஆன் கால்வாசி மிச்சத்தோடு ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதன் மூடி திறக்கும் சத்தம் கேட்டால் ஜிம்மி இன்றும் நைசாக நழுவிவிடுவாள். பாத்ரூமில் கீசர் ஸ்விட்சைத் தட்டினால் போதும், எனக்கு முன்னால் பாயில் போய்ப் படுத்துக்கொண்டு வாலால் தரையைத் தட்டிக்கொண்டிருப்பாள்.