பழைய படகுக்குப் புது பெட்ரோல் டேங்க்: செய்த கடைக்கு நல்ல பேர், மாட்டின யார்டுக்கு இல்லை

படகு 1986 மாடல், 28 அடி, இரட்டை எஞ்சின், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அலுமினிய டேங்க். நியூயார்க் லாங் ஐலண்டின் தென்கரையில், உப்புத் தண்ணீரில், அந்த டேங்குகள் இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது. போன சீசன் கடைசியில் பில்ஜை (படகின் அடியில் தண்ணீர் சேரும் பள்ளம்) திறந்தால் பெட்ரோல் வாடை. டீசல் என்றால் கொஞ்ச நாள் சகித்துக்கொண்டு ஓட்டலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடியில் போய்த் தேங்கி நிற்கும், ஒரு பொறி போதும். அதனால் ஒட்டுப் போடுவது, உள்ளே ஏதோ ஊற்றிப் பூசுவது மாதிரி யோசனைகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, ஒரே வயசு டேங்குதானே என்று இரண்டையும் சேர்த்தே மாற்றினேன்.

வேலை இரண்டு இடத்தில் நடந்தது. டேங்க் செய்தது ஒரு வெல்டிங் கடை, படகில் மாட்டியது ஒரு யார்டு, அதாவது படகு பழுதுபார்க்கும் பட்டறை. பெயர் போடவில்லை, ஒருத்தரைத் திட்டப் போகிறேன், இந்தக் கரையில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

பழைய டேங்கை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். மேல்பக்கம் இன்னும் பளபளப்பு. அடியில், ஃபாக்டரியிலேயே கம்பளத் துண்டு வைத்து உட்கார வைத்திருந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்து உள்ளே குழி, ஒரு குழியின் நடுவில் குண்டூசி முனை அளவு ஓட்டை, அதைச் சுற்றி ஈரம். காற்று படுகிற வரைக்கும் அலுமினியம் தன் மேல் தானே ஒரு தோல் போட்டுக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரைக் குடித்த கம்பளம் காற்றே புகாமல் ஒட்டிக்கிடந்தால் அந்தத் தோல் திரும்ப வளராது. டேங்கைச் சுற்றி ஃபோம் ஊற்றிய படகுகளிலும், ஃபோமுக்கும் தகட்டுக்கும் இடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் இதே கதைதான்.

ஃபைபர்கிளாஸ் டேங்க் வைத்திருந்தவர்கள் பட்டது இன்னொரு பாடு. 2004-ல் நியூயார்க்கில் எம்டிபிஇ என்ற பெட்ரோல் சேர்க்கை தடையாகி பெட்ரோலில் எத்தனால் வந்ததும், பெர்ட்ராம், ஹட்டெராஸ் கம்பெனிகளின் பழைய படகுகள் சிலவற்றில், ஃபைபர்கிளாஸை இறுக்கிப் பிடிக்கிற ரெசினே கரைந்து, கறுப்புப் பிசினாக எஞ்சின் வால்வுகளில் போய் ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டிக் டேங்கையும் விசாரித்தேன். விலை குறைவு, அரிக்காது, ஆனால் அவர்கள் வைத்திருக்கிற அளவில்தான் கிடைக்கும், பெட்ரோல் ஊறினால் கொஞ்சம் வீங்கும், அதற்கு இடம் விட வேண்டும். என் படகில் அந்த இடம் இல்லை. சரி, மறுபடியும் அலுமினியம்தான் என்று முடிவானது.

வெல்டிங் கடைக்காரர் முதலில் அளவைக் கேட்கவில்லை. "எந்த வழியா உள்ள போகும்?" என்றார். நல்ல கேள்வி, ஏனென்றால் பல படகுகளில் டேங்கை வைத்த பிறகுதான் மேல்தளத்தையே போட்டிருப்பார்கள். அட்டையில் முழு அளவில் ஒரு டேங்க் செய்து ஹேட்ச் (தளத்திலுள்ள திறப்பு) வழியாக இறக்கிப் பார்க்கச் சொன்னார், மூலை இடித்தது, அந்த மூலையைச் சாய்த்து வரைந்தார். கொஞ்சம் கேலன் குறைந்தது, ஆனால் தளத்தை அறுக்கும் செலவு மிச்சம். தகடு 5083 ரக அலுமினியம், கனம் 0.19 அங்குலம், பழசு 0.125தான். முடிந்தவரை மூலைகளில் வெல்டு வைக்காமல் தகட்டை மடக்கியிருக்கிறார், உள்ளே தடுப்புத் தகடுகள், திறப்பு எல்லாம் மேல்பக்கம் (பெட்ரோல் டேங்குக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதியே அதுதான்). 3 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றடைத்து, ஒவ்வொரு வெல்டிலும் சோப்புத் தண்ணீர் தடவி, என் கண் முன்னால் சோதித்துக் காட்டினார். ஒரே குறை, லேபிளை எஞ்சின் பக்கம் ஒட்டச் சொல்லியும் ஒரு டேங்கில் மறுபக்கம் ஒட்டிவிட்டார், இன்சூரன்ஸ் சர்வேயர் இனி கண்ணாடி பிடித்துத்தான் படிக்க வேண்டும்.

இப்போது யார்டு. கழற்றிய வேலை சுத்தம், அதில் குறை சொல்ல மாட்டேன். மாட்டும்போதுதான் வினை. புது டேங்குக்கு அடியில் வெறும் ரப்பர் பட்டையைப் போட்டு, பசை எதுவும் இல்லாமல் அப்படியே உட்கார வைத்திருந்தார்கள். கம்பளம் செய்த வேலையை ரப்பரும் செய்யும், கொஞ்சம் தாமதமாக. தண்ணீர் உறிஞ்சாத கெட்டி பிளாஸ்டிக் பட்டையை த்ரீ எம் 5200 என்ற படகுப் பசை வைத்து டேங்கின் அடியில் இடைவெளி இல்லாமல் ஒட்டினால்தான் நடுவில் தண்ணீர் புகாது. சொன்னேன். "எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்" என்று பதில். சண்டை போட்டுத் திரும்ப எடுக்க வைத்தேன், அதற்கும் பில்லில் கூலி ஏற்றியிருந்தார்கள்!

அதோடு நிற்கவில்லை. பித்தளை எல்போவை (வளைந்த குழாய் இணைப்பு) அலுமினியத்தில் நேராக முறுக்கியிருந்தார்கள், நடுவில் ஸ்டெயின்லெஸ் எதுவும் இல்லை. உப்புக் காற்றில் பித்தளை பக்கத்தில் இருந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்தான். பெட்ரோல் ஊற்றுகிற பழைய ஃபில் ஹோஸை மடக்கிப் பார்த்தால் வெடிப்பு, அதையே திரும்ப மாட்டியிருந்தார்கள். கேட்ட பிறகு புதுசு போட்டார்கள். டேங்கிலிருந்து காற்று வெளியேறுகிற வென்ட் ஹோஸ் நடுவில் தொய்ந்து கிடந்ததால் அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி, பங்கில் நாஸில் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை டக்கென்று நின்றுகொண்டே இருந்தது. அதை நானே ஒரு கிளிப் போட்டு மேலே தூக்கிக் கட்டினேன்.

செலவு: இரண்டு டேங்கும் சேர்த்து மூவாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. யார்டு கூலி அதைவிட அதிகம். டேங்க் கடைக்கு ஐந்துக்கு நாலரை. யார்டுக்கு இரண்டு, அதுவும் கழற்றின ஆளுக்காக. வெல்டிங் கடையில் வேலை கொடுப்பதாக இருந்தால் டிசம்பரிலேயே போய்விடுங்கள், மார்ச் வந்தால் கரையிலிருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பார்கள்.