பதினான்கு வருடப் படங்கள், கலைந்துகொண்டே இருக்கும் வரிசை

2010-இல் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அன்றிலிருந்து வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் தேதி வரிசைப்படி சேர்த்து வருகிறேன். 2017-இலிருந்து அதை ஒரு இலவச ஆல்ப மென்பொருளில் ஏற்றி வைத்திருக்கிறேன். ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களும் அதில் படம் போடுவார்கள், பார்ப்பார்கள். மென்பொருளின் பெயர் வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு மாற்றிப் பார்த்தேன், குறைகள் ஏறக்குறைய அதேதான்.

பெரிய அடி விழுந்தது தம்பி கல்யாணத்தில். திருநெல்வேலியில் காலை ஆறு மணிக்கு மேல் முகூர்த்தம். நான் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதால் தாலி கட்டும் படங்களை எடுத்தது சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சான். அவர் கேமராவில் சிங்கப்பூர் நேரம் அப்படியே இருந்தது. நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இரண்டு பேர் படங்களையும் ஒன்றாக ஏற்றினால், 7:45-க்கு இட்லி பந்தி, 9:20-க்குத் தாலி. அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா, தாலி கட்டுறதுக்கு முன்னாடியே பந்தி போட்டுட்டாங்களா?" என்றார்.

தவறு மச்சானுடையது என்று சொல்லிவிட முடியாது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எழுதி வைக்கும் எக்சிஃப் குறிப்பில் வருடம், மாதம், நாள், மணி, நிமிடம், நொடி எல்லாம் உண்டு. எந்த ஊர் மணி என்பதற்குத்தான் முன்பு இடமே கிடையாது. 2016-இல் வந்த எக்சிஃப் விதிகளின் 2.31 பதிப்பில்தான் நேர மண்டலத்துக்கென்று தனி இடம் சேர்த்தார்கள். அதற்கு முன் எடுத்த படங்களுக்கு நாமேதான் சாட்சி.

பில் ஹார்வி எழுதி இலவசமாகத் தரும் எக்சிஃப்டூல் என்ற கருவியில் ஒரே கட்டளையில் மொத்தப் படங்களின் நேரத்தையும் நகர்த்தலாம். நகர்த்தினேன். கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டேன். தாலி 11:50-க்குப் போய்விட்டது, மொய் எழுதி முடித்து ஆட்கள் பஸ் ஏறிய பிறகு. அன்று கற்றுக்கொண்டது: நகலில்தான் கை வைக்க வேண்டும். இந்தக் கருவி பழைய கோப்பையும் பக்கத்திலேயே விட்டு வைக்கிறது என்பது அப்போது பெரிய ஆறுதல்.

கேமராவுக்குள் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும். ஒரு தேரோட்டம் முழுவதும் நான் கேமரா வாங்குவதற்கு முந்தைய வருடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. செய்திச் செயலியில் வரும் படங்களில் பெரும்பாலும் எக்சிஃப் குறிப்பே இருக்காது. நமக்கு வந்து சேர்ந்த நாள்தான் மிஞ்சும். கோப்பின் திருத்திய தேதியை நம்பலாமா என்றால், ஒரு செயலியில் படத்தைத் திருப்பிச் சேமித்தாலே அது மாறிவிடுகிறது. சரி, இவை பழகிவிட்டன.

பழகாத ஒன்று, பக்கம் புரட்டும்போது வரும் குளறுபடி. ஆல்பம் ஒரு பக்கத்துக்கு ஐம்பது படம் காட்டும். அத்தை மகள் ஊரிலிருந்து ஐந்து புதுப் படம் ஏற்றும் நேரத்தில் நான் இரண்டாம் பக்கத்துக்குப் போனால், முதல் பக்கத்தின் கடைசி ஐந்து படங்களே மறுபடி வந்து நிற்கும். மென்பொருள் "ஐம்பத்தொன்றாவதிலிருந்து கொடு" என்று கேட்கிறது. அதற்குள் மேலே ஐந்து சேர்ந்து எல்லாம் கீழே தள்ளப்பட்டுவிட்டன. கடைசியாகப் பார்த்த படத்தை அடையாளம் வைத்து, "இதற்கு அடுத்ததைக் கொடு" என்று கேட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இதைவிட மோசம், புதிதாக யாரும் எதுவும் ஏற்றாதபோதே படம் காணாமல் போவது. மத்தாப்பு கொளுத்தும்போது அடுக்கடுக்காக எடுத்த எட்டுப் படங்களுக்கும் ஒரே நொடி. நேரம் சமமாக இருந்தால் எது முன்னால் என்று மென்பொருளுக்குச் சொல்லித் தரப்படவில்லை. ஒவ்வொரு முறையும் கைக்கு வந்தபடி கொடுக்கிறது. அந்த எட்டு, பக்க எல்லையில் விழுந்தால், ஒன்று இரண்டு பக்கத்திலும் வரும், இன்னொன்று எதிலுமே வராது. படம் அழிந்துவிட்டதென்று ஒரு தீபாவளி முழுக்கத் தேடினேன். நேரம் சமமானால் கோப்பின் பெயரைப் பார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

ஆட்களின் பெயரில் போட்ட ஃபோல்டர்கள் வேறு கதை. கண்ணன், கமலா, கற்பகம், கனகா: இதுதான் நம் அகரவரிசை. ஆல்பம் காட்டுவது கண்ணன், கனகா, கமலா, கற்பகம். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடில் ன-வுக்கு ந-வை அடுத்து இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண்ணையே வரிசையாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ன-வை ப-வுக்கு முன்னால் கொண்டுவந்துவிடும். புள்ளியும் அப்படித்தான். அகராதியில் 'அக்கா' முன்னால், 'அகம்' பின்னால், இங்கே தலைகீழ். தமிழுக்கான சரியான வரிசை விதிகள் யூனிகோடு அமைப்பின் மொழித் தரவிலேயே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்துகிற பொறுமைதான் இல்லை. நான் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டுவிட்டேன். பூஜ்யம் முக்கியம், இல்லையென்றால் வீட்டு டிவியில் பென்டிரைவைச் செருகும்போது 1-க்கு அடுத்து 10 வரும், பிறகுதான் 2.

இப்போது நான் நம்புவது கோப்பின் பெயரை மட்டும். 2014-08-31_06-50-12 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றிவிட்டேன். எழுத்துப்படி அடுக்கினாலும் காலப்படி அடுக்கினாலும் ஒன்றேதான். எந்த மென்பொருளுக்கு மாறினாலும், டிவியிலும்கூட, கலையவில்லை. ஐந்து வருடமாக ஓடுகிறது. முதல் நாளே செய்திருந்தால் இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சமாகியிருக்கும்.

தாத்தா பாட்டி கல்யாணப் படம் ஒன்றுதான் இன்னும் அடங்கவில்லை. ஸ்கேன் செய்ததால் 2016 என்று வந்தது. அட்டையின் பின்னால் பென்சிலில் 'சுபகிருது, தை' என்று இருக்கிறது. அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும்; 2022-இலும் சுபகிருதுதான். பாட்டியின் வயதைக் கணக்கிட்டால் 1963 என்று ஆகிறது. அந்த வருடத்தை எக்சிஃபில் எழுதியதும் ஆல்பம் படத்தை 1970 ஜனவரி 1, காலை 5:30-க்குக் கொண்டுபோய் வைத்தது. கணினிகள் நேரத்தை நொடி நொடியாக எண்ணும் யூனிக்ஸ் கணக்கின் பூஜ்யம் அதுதான். கிரீன்விச்சில் நள்ளிரவு, நமக்கு ஐந்தரை. அதற்கு முந்தைய காலத்தை எதிர்மறை எண்ணாக எழுதலாம், இந்த ஆல்பத்துக்கு அது தெரியவில்லை. பென்டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஃபேட் முறை இன்னும் பின்தங்கியது. அதன் காலம் 1980-இல்தான் தொடங்குகிறது.

சரி, பெயரிலாவது சரியாக வைப்போம் என்று அத்தையிடம் நாள் கேட்டேன். "தைப்பூசத்துக்கு மூணு நாள் முன்னாடிடா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்கிறார். அந்த வருடப் பஞ்சாங்கம் கிடைக்கும்வரை 1963-00-00 என்று பெயர் வைத்திருக்கிறேன். இருக்கிற எல்லாப் படத்துக்கும் முதலாவதாக வந்து நிற்கிறது.